டீச்சரிடம் கேளுங்கள்: ஃபேன்டஸி லீக்கும் ஒரு மேசை விளையாட்டுதானா?

போன இதழில் பள்ளி விடுமுறைக்கு ஏற்ற போர்டு கேம்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பலவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பிள்ளைகள் போனில் ஆடும் ஃபேன்டஸி லீக். நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கேற்ப மதிப்பெண் பெறும் ஆட்டம் அது. அதுவும் விளையாட்டுதானா, அதை இதோடு சேர்க்கலாமா, தடுக்கலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். கால்பந்து பக்கமே போகாதவர்களும் படிப்பீர்கள் என்பதால் அங்கங்கே விளக்கிக்கொண்டே போகிறேன்.

*

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு 16 வயது. சனி, ஞாயிறு முழுக்க போனும் கையுமாக ஃபேன்டஸி பிரீமியர் லீக். தங்கைக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த கட்டான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பின்னாலேயே அலைகிறாள். "நானும் போர்டு கேம்தானே ஆடுறேன் மா, என் போர்டு கொஞ்சம் பெருசு" என்கிறான். அவன் சொல்வது சரியா, இல்லை சமாளிக்கிறானா?
— ஒரு தாய், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: பெரும்பகுதி சரியாகத்தான் சொல்கிறான். எந்த இடத்தில் சரியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அண்ணன் தங்கை பஞ்சாயத்து அதிலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் அவன் பக்கம். ஃபேன்டஸி ஆட்டமும் மேசை விளையாட்டும் ஒரே வம்சம். 1961-ல் அமெரிக்காவில் ஹால் ரிச்மன் என்பவர் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பேஸ்பால் போர்டு கேமைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. போன சீசனில் அவர் எப்படி ஆடினாரோ அதற்கேற்ற பலன்கள் அட்டையில் அச்சாகியிருக்கும். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். நடந்து முடிந்த சீசனை மேசையில் வைத்து மறுபடி ஆடுகிற விளையாட்டு அது.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 1960-ல், ஹார்வர்டில் இருந்த சமூகவியல் அறிஞர் வில்லியம் காம்சன் தன் நண்பர்களோடு வேறொன்றைச் செய்து பார்த்தார். பகடையும் வேண்டாம், பழைய கணக்கும் வேண்டாம்; இனி நடக்கப்போகும் சீசனை வைத்தே ஆடுவோம் என்றார். அவரவர் தங்களுக்கென்று ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அந்த ஆட்டக்காரர்கள் நிஜ மைதானத்தில் என்ன செய்தார்களோ அதுவே மதிப்பெண். 1980-ல் பத்திரிகையாளர் டேனியல் ஓக்ரென்டும் நண்பர்களும் நியூயார்க்கில் இதற்கு முழு விதிகளை வகுத்தார்கள். அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவகம் லா ரோட்டிஸ்ரீ ஃபிரான்ஸேஸ். அதனால் ஆட்டத்துக்கும் ரோட்டிஸ்ரீ என்று பெயர் வந்தது. ஆளுக்கு 260 டாலர். அதற்குள் 23 ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது, பத்திரிகையில் வரும் எண்களைக் கையால் கூட்டித்தான் யார் முன்னால் போகிறார் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு ஏலம் கேட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அந்த ஏலத்தின் உயிர் ஒரே விதியில் இருந்தது: ஒருவர் எடுத்த ஆட்டக்காரர் இன்னொருவருக்குக் கிடையாது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தை வைத்து உங்கள் மகன் ஆடுகிற வடிவத்தில் அந்த விதி இல்லை. கையில் 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம், 15 ஆட்டக்காரர்கள், ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. இதெல்லாம் நல்ல கட்டுப்பாடுகள், நன்றாக யோசிக்க வைப்பவை. ஆனால் கோல் அடிப்பதில் பேர்போன எர்லிங் ஹாலண்டை உங்கள் மகனும் வாங்கலாம், அவன் வகுப்பில் உள்ள அத்தனை பேரும் வாங்கலாம். யாரும் யாரையும் தடுக்க முடியாது. யாரிடமும் எதையும் கேட்டுப் பெற வேண்டியதில்லை. ஒரே ஹாலில் தனித்தனி டெஸ்கில் உட்கார்ந்து ஒரே கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுவது போன்றது அது. திங்கட்கிழமை மார்க் வந்துவிடும். கணக்கு டீச்சரான எனக்குப் பரீட்சை மீது ஒரு வெறுப்பும் இல்லை. ஆனால் பரீட்சையில் பக்கத்தில் இருப்பவர் நமக்குத் தேவையில்லை. மேசை விளையாட்டில் அவர் இல்லாமல் ஒன்றுமே நடக்காது.

கட்டானைப் பாருங்கள். ஒரு தீவில் வீடுகள் கட்டி, செங்கல், ஆடு என்று பொருள்களைச் சேர்த்துப் பண்டமாற்று செய்கிற போர்டு கேம் அது. உங்கள் மகள் ஒரு முனையில் வீடு வைத்துவிட்டால் அந்த முனை மட்டுமல்ல, ஒட்டியிருக்கும் முனைகளும் மற்றவர்களுக்கு மூடிவிடும். செங்கல் வேண்டுமென்றால் செங்கல் வைத்திருப்பவரிடம் போய்ப் பேச வேண்டும். "உனக்கு ஆடு தர்றேன், செங்கல் தா" என்று பத்து வயதுப் பெண் பதினாறு வயது அண்ணனிடம் பேரம் பேசுகிறாளே, அந்தப் பேச்சுதான் விளையாட்டு.

இதில் ஒரு நல்ல சேதி உண்டு. பிரீமியர் லீக்கே 2017 முதல் டிராஃப்ட் என்று இன்னொரு வடிவத்தையும் இலவசமாக நடத்துகிறது. அதில் விலையும் கிடையாது, கேப்டனும் கிடையாது. ஒவ்வொருவராக முறை வைத்து ஆட்டக்காரரை எடுக்க வேண்டும். எடுத்தவர் லீக்கிலேயே அந்த ஒருவருக்குத்தான். முறை எப்படி என்றால், முதல் சுற்றில் ஒன்றாம் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை, அடுத்த சுற்றில் கடைசி ஆளிலிருந்து ஒன்றாம் ஆளை நோக்கி. கட்டான் தொடங்கும்போது முதல் இரண்டு வீடுகளை எப்படி வைக்கிறார்கள் என்று மகளைக் கேளுங்கள். அதே முறை! கடைசியாக வைப்பவர் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பார், பிறகு வந்த வழியே திரும்பிப் போகும். முதலில் எடுப்பவருக்கு மிகச் சிறந்த ஒன்று, கடைசியில் எடுப்பவருக்கு ஓரளவு நல்ல இரண்டு. 1995-ல் கட்டானை வெளியிட்ட கிளாவுஸ் டாய்பரும் ஃபேன்டஸி டிராஃப்ட் ஆடுபவர்களும் ஒரே சிக்கலுக்கு ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும்.

எனவே மகனிடம் போனைப் பிடுங்க வேண்டாம். அடுத்த சீசனுக்கு வீட்டோடு ஒரு டிராஃப்ட் லீக் தொடங்கச் சொல்லுங்கள். தங்கையும் அதில் ஓர் ஆள், நீங்களும் ஓர் ஆள். அதற்கு முன்னால் தங்கையோடு கட்டான் ஆடி, முறைவைத்து எடுப்பதை அவளிடமிருந்து அவன் கற்றுக்கொள்ளட்டும். 2022, 2023-ல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு கடுமையாக இருந்த சமயத்தில் டர்பனில் எங்கள் மெரிபாங்க் வீட்டில் ரௌட்டர் அணைந்ததும் பேரப்பிள்ளைகள் தாமாகவே மேசைக்கு வந்தார்கள். கரண்ட் ஒழுங்காக இருக்கும்போதும் வரவைக்க, பெரியவர்கள் நாம் முதலில் போய் மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

*

கேள்வி: டீச்சரம்மா, நாங்கள் நாலு பேர், எல்லோரும் ரிட்டயர் ஆனவர்கள். வாரக் கடைசியில் துனீ ஆடுவோம். என் பேரன் வந்து பார்த்துவிட்டு, "தாத்தா, துனீ எல்லாம் லக்கு, ஃபேன்டஸிக்குத்தான் மூளை வேணும்" என்கிறான். எனக்கு வந்த கோபத்தை எழுதி முடியாது. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்.
— ஒரு தாத்தா, சாட்ஸ்வொர்த்

பதில்: ஐயா, கோபம் நியாயமானது. என் வீட்டுக்காரரும் துனீ மேசையை விட்டு எழுந்திருக்காத மனிதர், அதனால் இந்த வழக்கில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

துனீ தெரியாதவர்களுக்கு: டர்பன் சுற்றுவட்டார இந்தியக் குடும்பங்களில் கல்யாண வீடு, எழவு வீடு எங்கும் ஆடப்படுகிற சீட்டு அது. நால்வர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு கட்சி. 24 சீட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கும் சேர்த்து 304. யாழ்ப்பாணத்தார் ஆடுகிற சீட்டாட்டத்துக்குப் பெயரே முந்நூற்று நாலு. சீட்டுகளின் மதிப்பும் இதேதான். நம் மூதாதையர் 1860-லிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தபோது கொண்டுவந்த உறவு எவ்வளவு தூரம் நீள்கிறது பாருங்கள்.

இனி அதிர்ஷ்டக் கணக்குக்கு வருகிறேன். துனீயில் முதலில் நாலு சீட்டுதான் கைக்கு வரும். அதைப் பார்த்து ஏலம் கேட்டு, துருப்பு எது என்று முடிவு செய்ய வேண்டும். மீதி இரண்டு சீட்டு பிறகுதான். உங்கள் பேரனிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள்: நாலு சீட்டில் ஸ்பேடு ஜாக்கும் ஸ்பேடு ஒன்பதும் இருக்கின்றன. ஸ்பேடையே துருப்பாக வைக்கிறேன். வரப்போகும் இரண்டு சீட்டில் ஒன்றாவது ஸ்பேடாக இருக்க என்ன வாய்ப்பு? கண்ணுக்குத் தெரியாத சீட்டு 20, அதில் ஸ்பேடு 4. இரண்டுமே ஸ்பேடு இல்லாமல் போக வாய்ப்பு 19-ல் 12. ஆகவே ஒன்றாவது வர 19-ல் 7, நூற்றுக்கு 37 போல. இதைத் தாளும் பேனாவும் இல்லாமல் மனத்துக்குள் உணர்ந்துதான் நீங்கள் ஐம்பது வருடமாகத் துருப்பு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு மூளை வேண்டாமா?

ஃபேன்டஸியிலும் இதே போன்ற ஒரு கட்டம் உண்டு. வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது கதவு மூடிவிடும். அதற்குள் கேப்டனைச் சொல்லிவிட வேண்டும். கேப்டன் எடுக்கும் பாயிண்ட் இரட்டிப்பாகும். ஆனால் எந்த அணியில் யார் இறங்குகிறார்கள் என்ற பட்டியல் அப்போது வந்திருக்காது. உங்கள் கேப்டன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். நாலு சீட்டைப் பார்த்துத் துருப்பு வைப்பதும் இதுவும் மனத்தளவில் ஒரே வேலை. வித்தியாசம், துனீயில் அறியாததையும் எண்ண முடியும். ஃபேன்டஸியில் அறியாததற்கு எல்லையே கிடையாது. கிரிக்கெட்டையே பாருங்கள்: நம் டர்பனில் பிறந்த தென்னாப்பிரிக்க வீரர் செனுரன் முத்துசாமி 2025 நவம்பரில் கௌஹாத்தியில் இந்தியாவுக்கு எதிராக ஏழாவதாக இறங்கி 109 எடுத்தார். சுழற்பந்துக்காகத்தான் அவரைப் பெரும்பாலானவர்கள் எண்ணுவார்கள். அன்றைக்குக் காலையில் அந்தச் சதத்துக்கு 19-ல் இத்தனை என்று எந்தக் கணக்கு டீச்சர் சொல்லியிருக்க முடியும்? முடியாது. அதனால்தான் அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பேரன் பக்கமும் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். பிரீமியர் லீக் சீசன் 38 வாரச் சுற்று. ஒரு வாரத்தில் அதிர்ஷ்டம் ஆளைத் தூக்கலாம், தள்ளலாம்; 38 சுற்றில் திறமை மேலே வந்துவிடும். காயம் பட்டவர் யார், அடுத்து யாரோடு ஆட்டம், யாருக்கு பெனால்டி அடிக்கிற பொறுப்பு என்று வாராவாரம் தேடிப் படிக்கிற பொறுமை ஒரு திறமைதான். துனீயில் நீங்கள் எண்ணுவதைப் போல அவன் படிக்கிறான்.

ஆனால் அவனுடைய ஆட்டத்தில் கட்சிக்காரர் கிடையாது. எதிரே இருப்பவர் ஒரு சீட்டைப் போடும்போது அவர் கையில் என்ன இருக்கும், நம்மிடம் என்ன கேட்கிறார் என்று வாய் திறக்காமல் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்குத் துனீயில் பிடித்ததே அதுதான். உங்கள் நால்வரில் ஒருவர் ஊருக்குப் போகிற வாரத்தில் பேரனை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். விழுந்த சீட்டுகளை எண்ணி, கடைசிக் கைக்கு முன்னால் வெளியே என்ன பாக்கி என்று சொல்லச் சொல்லுங்கள்.

*

கேள்வி: வணக்கம் டீச்சர். ஆபீஸில் எட்டுப் பேர் சேர்ந்து ஃபேன்டஸி லீக் நடத்துகிறோம். ஆகஸ்டில் ஒரே ஆரவாரம். கிறிஸ்துமஸ் வருவதற்குள் பாதிப் பேர் டீமைத் தொடுவதே இல்லை. போர்டு கேமில் யாரும் பாதியில் எழுந்து போவதில்லையே, இதில் மட்டும் ஏன்?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: போர்டு கேமிலும் எழுந்து போவார்கள். மோனோபலியில் எல்லாத் தெருவையும் ஒருவர் வளைத்துப் போட்ட பிறகு மற்றவர்களின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் வந்த போர்டு கேம்களை உருவாக்கியவர்கள் இதை ஒரு நோயாகவே எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கட்டானில் இரண்டு பகடையையும் சேர்த்து 7 விழுந்தால் திருடன் என்ற காயை நகர்த்தலாம்; அவன் நிற்கும் நிலத்திலிருந்து யாருக்கும் பொருள் கிடைக்காது. இரண்டு பகடைக்கான 36 சேர்க்கைகளில் 6 சேர்க்கை ஏழு தரும், வேறு எந்தக் கூட்டலும் அவ்வளவு தராது. திருடனை எல்லோரும் யார் தலையில் கொண்டுபோய் வைப்பார்கள்? முன்னால் இருப்பவர் தலையில்தான். அவரோடு பண்டமாற்றும் செய்ய மாட்டார்கள். அதனால் பின்னால் இருப்பவருக்குக் கடைசிவரை நம்பிக்கை இருக்கும். தவிர, பத்துப் புள்ளி யாராவது எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எழுந்துவிடலாம். உங்கள் லீக்கோ மே மாதம்வரை இழுக்கிறது, முதல் ஆளை இடறிவிட யாருக்கும் வழியில்லை.

மொத்தப் புள்ளிக்குப் பதிலாக நேருக்கு நேர் முறைக்கு மாறிப் பாருங்கள். ஆப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் உங்களில் ஒருவரோடு ஒருவருக்கு ஆட்டம், வெற்றிக்கு 3 புள்ளி, சமன் என்றால் 1. எட்டாம் இடத்தில் இருப்பவரும் முதலாம் ஆளை ஒரு வாரம் தோற்கடித்து அந்த வாரம் முழுக்க ஆபீஸில் தலைநிமிர்ந்து நடக்கலாம். டிராஃப்ட் வடிவத்தில் ஆடுவதாக இருந்தால், யார் கையிலும் இல்லாத ஆட்டக்காரரை எடுக்கும் முதல் உரிமையைக் கடைசி இடத்தில் இருப்பவருக்கே கொடுங்கள். சீசனை ஜனவரியில் இரண்டாக வெட்டி, முதல் பாதிக்கு ஒரு ஜெயிப்பாளர், இரண்டாம் பாதிக்கு ஒரு ஜெயிப்பாளர் என்றும் வைக்கலாம். எனக்குப் பிடித்தது நேருக்கு நேர் முறைதான்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. டிசம்பர் 16 விடுமுறையை ஒட்டி இந்த நாட்டில் ஆபீஸெல்லாம் மூடிவிடும், எல்லோரும் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். டீக்கடைப் பேச்சு நின்றுபோகும். உங்கள் லீக் வாடியதற்கு அது பெரிய காரணமாக இருக்கலாம். 26-ம் தேதி நமக்கும் விடுமுறை, இங்கிலாந்தில் கால்பந்துக்குப் பேர்போன நாள். அன்றைக்கு யாராவது ஒருவர் வீட்டில் எட்டுப் பேரும் கூடி, குடும்பத்தோடு பிரியாணி வைத்து, ஆளுக்கு ஓர் ஆட்டக்காரரையாவது மாற்றிக்கொள்ள வேண்டும் என்று விதி வையுங்கள்.

*

கேள்வி: அக்கா, என் தம்பி முதலில் நண்பர்களோடு சும்மாதான் ஆடினான். இப்போது ஒவ்வொரு கிரிக்கெட் மேட்சுக்கும் காசு கட்டி டீம் போடுகிறான். கேட்டால், "இது சூதாட்டம் இல்லை, செஸ் மாதிரி திறமை" என்கிறான். சம்பளம் பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. என்ன சொல்வதென்று தெரியவில்லை.
— ஒரு சகோதரி, லெனேசியா

பதில்: கண்ணு, முதலில் இதை எழுதியதற்கு நன்றி. இந்த மாதிரிக் கடிதம் எழுதுவதற்கு எவ்வளவு மனவேதனை வேண்டும் என்று தெரியும்.

திறமையா, அதிர்ஷ்டமா என்று தம்பியோடு வாதம் செய்ய வேண்டாம். அந்த வாதத்தில் அவன் ஜெயித்துவிடுவான், காசு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இந்தியாவில் 2008-ல் தொடங்கிய டிரீம்11 போன்ற நிறுவனங்கள் பல வருடம் இந்தத் திறமை வாதத்தின் பலத்தில்தான் காசு ஆட்டம் நடத்தின. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. திறமையாக இருந்தாலும் சரி, அதிர்ஷ்டமாக இருந்தாலும் சரி, பணம் கட்டினால் தடை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. டிரீம்11-ம் காசுப் போட்டிகளை நிறுத்தியது. இங்கே சட்டம் வேறு. ஆனால் அந்தச் சட்டம் எந்தக் கேள்வியைக் கேட்டதோ அதை நாமும் வீட்டில் கேட்கலாம்: காசு எங்கே போகிறது?

துனீ மேசையில் நாலு பேர் ஆளுக்குப் பத்து ராண்ட் வைத்தாலும், அந்த நாற்பது ராண்ட் மேசையை விட்டுப் போகாது. இந்த வாரம் போனது அடுத்த வாரம் திரும்பும். ஆப்பில் கட்டும் காசில் நடத்துகிற நிறுவனம் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். எதிரே இருப்பவர்கள் முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர். அதிர்ஷ்டத்தைச் சமன் செய்ய 38 வாரம் வேண்டும் என்று மேலே தாத்தாவுக்கு எழுதியிருக்கிறேனே, இவன் ஆடுவது ஒரே மேட்ச். ஒரு சாயங்காலத்தில் திறமை வெளிப்பட நேரமே இல்லை. தோற்றால் அடுத்த மேட்ச் நாளைக்கே இருக்கிறது. அது மிகவும் ஆபத்தான அமைப்பு.

செய்ய வேண்டியது: அவனுடைய கடனை அடைக்கக் காசு கொடுக்காதே, வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அவன் சம்பளம் வந்த அன்றே உன் கைக்கோ அம்மா கைக்கோ வந்துவிட வேண்டும் என்று அன்பாகக் கேள். இந்த நாட்டின் சூதாட்டச் சட்டத்திலேயே, தன்னை ஆட்டத்திலிருந்து விலக்கிவைக்கும்படி ஒருவர் தானே பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. பொறுப்பான சூதாட்டத்துக்கான தேசியத் திட்டத்தின் இலவச உதவி எண் 0800 006 008. அவன் பேச மறுத்தால் நீ பேசு, குடும்பத்தாருக்கும் அவர்கள் வழி சொல்வார்கள். அவன் கெட்டவனில்லை. மேட்சைப் பார்த்து ரசிக்கத் தெரிந்த பையன், அந்த ரசனையைக் காசு தின்றுகொண்டிருக்கிறது.

*

கேள்வி: எனக்கு ஸ்போர்ட்ஸே பிடிக்காது. ஆனால் ஏலம் கேட்கிற பரபரப்பு பிடிக்கும். எனக்கு ஏதாவது உண்டா?
— வாசகி, கேப் டவுன்

பதில்: உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ரைனர் க்னிட்ஸியா 1992-ல் வெளியிட்ட மாடர்ன் ஆர்ட். மூன்று முதல் ஐந்து பேர் ஆடலாம். ஐந்து ஓவியர்களின் படங்களை மாறி மாறி ஏலம் விடுவீர்கள். எந்த ஓவியர்களின் படங்கள் அதிகம் விற்கின்றனவோ அவர்கள் படங்களுக்குத்தான் மதிப்பு, ஆகவே மேசையில் இருப்பவர்களே விலையை உண்டாக்குகிறார்கள். அவசியம் ஆடிப் பாருங்கள்.

*

கேள்வி: டீச்சர், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 12, 13 வயதுப் பிள்ளைகள். எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள், பேசச் சொன்னால் வாயே திறப்பதில்லை. எண்களைக்கூட ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். விளையாட்டு வழியாக ஏதாவது செய்ய முடியுமா?
— தமிழாசிரியை, வெருலம்

பதில்: இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எஸ்.ஏ.20 கிரிக்கெட் சீசனில் வகுப்பில் ஓர் ஏலம் நடத்துங்கள். நம் நாட்டில் ஆறு அணிகள் ஆடுகிற போட்டி அது, டர்பனில் நம் கிங்ஸ்மீட் மைதானத்திலும் ஆட்டம் நடக்கும். பிள்ளைகளை ஆறு குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு நூறு சோழி. பல்லாங்குழிச் சோழி போதாவிட்டால் புளியங்கொட்டை. அந்த நூறுக்குள் ஏழு ஆட்டக்காரர்களை எடுக்க வேண்டும். பதினொன்று வேண்டாம், நேரம் பத்தாது.

ஆட்டக்காரர்களின் பெயரைத் தமிழில் எழுதிய சீட்டுகளைப் பிள்ளைகளே முந்தின வாரம் வீட்டுப்பாடமாகத் தயாரிக்கட்டும். ஏலம் விடுபவரும் ஒரு பிள்ளைதான், நீங்கள் ஓரமாக உட்காருங்கள். "முப்பத்தைந்து!", "முப்பத்தெட்டு!", "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று தமிழில் சொன்னால்தான் செல்லும். ஆங்கிலத்தில் கத்தினால் அந்தக் கேள்வி செல்லாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அறுபத்தொன்பதுக்கும் எழுபத்தொன்பதுக்கும் உள்ள வித்தியாசம் பத்துச் சோழி என்றால் பிள்ளைகள் தாமாகவே சரியாகக் கற்றுக்கொள்வார்கள்.

தொடங்குவதற்கு முன் கொஞ்சம் கதையும் சொல்லுங்கள். 2008 பிப்ரவரியில் ஐ.பி.எல்.லின் முதல் ஏலத்தில் தோனி 15 லட்சம் டாலருக்குச் சென்னைக்குப் போனார். அடுத்த வருடமே இந்தியாவில் தேர்தல் என்பதால் ஐ.பி.எல். முழுவதும் இந்த நாட்டில் நடந்தது, டர்பனிலும் ஆட்டங்கள் நடந்தன. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் யாராவது கிங்ஸ்மீடில் போய்ப் பார்த்திருப்பார்கள். அதை வீட்டில் தமிழில் கேட்டு வந்து வகுப்பில் சொல்வது இன்னொரு வீட்டுப்பாடம்.

மதிப்பெண் முறை எளிதாக இருக்கட்டும்: ஓர் ஓட்டத்துக்கு 1, ஒரு விக்கெட்டுக்கு 20, ஒரு கேட்சுக்கு 8. ஆப் எதுவும் வேண்டாம். வாரா வாரம் பத்திரிகை ஸ்கோரைப் பார்த்து அவர்களே கூட்டி, போர்டில் எழுதி, உரக்க வாசிக்கட்டும். ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள விரும்புகிற இரண்டு குழுக்கள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தமிழில் பேரம் பேச வேண்டும். ஏன் கொடுக்கிறோம், ஏன் கேட்கிறோம் என்று காரணமும் சொல்ல வேண்டும். ஏலத்தில் இரண்டு குழு ஒரே நேரத்தில் ஒரே விலையைக் கேட்டால், கையில் சோழி குறைவாக வைத்திருக்கும் குழுவுக்கே ஆட்டக்காரர்.